பத்து மாதம் பொறுக்குமா பித்தப்பை?

சமுதாய வளைகாப்பு விழாக்களில் மைக்கைப் பிடிக்கும் பிரமுகர்கள் பலருக்கு ஒரு வசனம் மனப்பாடம். “வயித்துப் பிள்ளைக்காரி மேல கத்தி படக் கூடாது. எந்த ஆபரேஷனா இருந்தாலும் பிரசவம் முடியட்டும். நம்ம பாட்டிங்க யாரும் கத்திக்குப் போகல.” கைதட்டல் விழும். வளையல் அடுக்கிய கைகளோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் யாருக்காவது முந்தின இரவு வலது விலாவுக்குக் கீழே வலித்திருந்தால், அவள் அன்றோடு வாயை மூடிக்கொள்வாள். சமீபத்தில் இதே வசனம் ஒலிப்பதிவாக என் கைப்பேசிக்கும் வந்தது. இந்தத் தடவை உதாரணமே பித்தப்பைக் கல்தான். அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். இந்தப் பேச்சுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

பாட்டிமார் கதையை முதலில் முடித்துவிடுவோம். அவர்கள் கத்திக்குப் போகவில்லைதான். ஆனால் போகாதவர்களில் பிழைத்தவர்கள் மட்டும்தானே நமக்குப் பாட்டியானார்கள்? பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதே காய்ச்சலும் காமாலையும் வந்து போய்ச்சேர்ந்தவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் ஒரு வரிக்கு மேல் பேச்சு இருக்காது. அந்த வரியிலும் நோயின் பெயர் இருக்காது.

அடுத்து, “அது வெறும் வாய்வு, ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்” என்பது. வாய்வு எப்படி வலிக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பித்தப்பை வலி அப்படி வராது. எண்ணெய்ப் பண்டமோ நெய்ச்சோறோ சாப்பிட்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் ராத்திரியில், வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும். வாந்தி வரும், புரண்டு படுத்தாலும் விடாது. ஒரு ஸ்கேன் எடுத்தால் கல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிள்ளையைப் பார்க்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான், கதிர்வீச்சு கிடையாது. கடைசி மாதங்களில் இதே இடத்தில் வலி எடுத்து, கூடவே தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அது ரத்தக் கொதிப்பால் கல்லீரல் பாதிக்கப்படுவதாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலி அது. ஓமத் தண்ணீரோடு ஒரு ராத்திரி தள்ளினால் என்ன ஆகும் என்று மைக் பிடிப்பவருக்குத் தெரியாது.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியத்தை இதற்கும் சொல்கிறார்கள். பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் வழியே கிடையாது. அந்தக் கல் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது, தண்ணீர் குடித்துக் கழுவ முடியாது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைப் பச்சையாகக் கல் வெளியேறுகிறது என்று இன்னொரு கூட்டம். அப்படி வெளியே வந்த உருண்டைகளைச் சோதித்து 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். குடித்த எண்ணெயே குடலில் சோப்புக் கட்டியாகி வந்திருக்கிறது. கல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

இனி என்னை ஆண்டாண்டாக எரிச்சல்படுத்துகிற வரிக்கு வருகிறேன். “பிரசவம் முடியட்டும்.” இதைச் சொல்பவர்கள் எல்லோரும் பொறுத்திருப்பதைப் பத்திரமான வழியாகவும் அறுவையை மட்டும் ஆபத்தாகவும் நினைக்கிறார்கள். வலி பொறுத்திருக்கிறதா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் பித்தநீரில் கொழுப்பு அதிகமாகிறது. புரோஜெஸ்டிரோன் பித்தப்பையைச் சோம்பலாக்கிவிடுவதால் அது முழுசாகச் சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கிய பித்தம் முதலில் சேறாகும், பிறகு கல்லாகும். கர்ப்பம்தான் இதற்குக் காரணம் என்றிருக்கும்போது, கர்ப்பம் முடியும்வரை நோய் சும்மா இருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கல்லால் வலி வந்து, அறுவை செய்யாமல் சமாளித்த கர்ப்பிணிகளைப் பற்றி சேஜஸ் என்கிற அமெரிக்க லேப்ராஸ்கோப்பி நிபுணர் சங்கம் தன் வழிகாட்டுதலில் எடுத்துக்காட்டும் கணக்கைப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் வலி வந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு அது திரும்ப வந்திருக்கிறது. நடு மூன்று மாதத்தில் வந்தவர்களில் 64 பேருக்கு, கடைசி மூன்று மாதத்தில் வந்தவர்களில் 44 பேருக்கு. திரும்பி வருவது வெறும் வலியாகவே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. கல் பித்தக் குழாயில் இறங்கினால் காமாலை. கிருமி சேர்ந்தால் குளிர் ஜுரம். கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. கணைய அழற்சி வந்தால் தாய், பிள்ளை இரண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. கடுமையான காய்ச்சலும் அழற்சியுமே கருப்பையை உசுப்பி முன்கூட்டியே பிரசவ வலியைக் கிளப்பிவிடும்.

ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம், இரண்டாவது பிள்ளை. நாலாம் மாதத்தில் முதல் வலி. ஊரில் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். திரும்ப வலி, திரும்ப ஊசி. ஸ்கேனில் கல் தெரிந்து, ஐந்தாம் மாதமே ஆபரேஷனுக்குச் சொல்லியும்விட்டார்கள். மாமியார், “வளைகாப்பு முடியட்டும்த்தா, வயித்துல கத்திய வெச்சா யார் பதில் சொல்றது?” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேடையில் இருந்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பில் புளிசாதம், தேங்காய்ச்சாதம், வடை, பாயசம். மூன்றாம் நாள் அவள் எங்கள் வார்டுக்கு வந்தபோது கண் இரண்டும் மஞ்சள். குளிரில் கட்டிலே ஆடியது. கை நிறைய இருந்த வளையல்களை ஒதுக்கிவிட்டுத்தான் டிரிப் போட நரம்பு தேடினேன். எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயில் இருந்த கல்லை எடுத்தார்கள். ஜுரம் இறங்குவதற்குள் வலி கண்டு பிள்ளை பிறந்துவிட்டது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வாரங்களில் அவள் ஒரு கட்டிடத்திலும் பிள்ளை இன்னொரு கட்டிடத்திலும் இருந்தார்கள். இரண்டு உயிரும் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம். ஐந்தாம் மாதம் செய்திருந்தால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்திருக்காது.

அவள் வயிற்றில் கத்தி படவில்லைதான். ஆனால் எத்தனை ஊசி பட்டது? ஊர்ப்பக்கம் வலி என்று போனால் கை பழக்கமாக டைக்லோஃபெனாக் போட்டுவிடுகிறார்கள். 20 வாரத்துக்கு மேல் அந்த வகை வலி மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக் கூடும் என்பதுதான் காரணம். அதற்கு மேல் பட்டினி. சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்து கஞ்சித் தண்ணீரோடு மாதங்களைத் தள்ளும் தாய்க்கு எடை ஏறுமா, பிள்ளைக்குத்தான் ஏறுமா? “பொறுத்திரு” என்பவர்கள் இதையெல்லாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சரி, பொறுத்தாயிற்று, பிரசவமும் ஆயிற்று. பிறகு? சேறு சிலருக்குத் தானாகக் கரையும், சின்னக் கற்கள்கூடச் சிலருக்கு மறையும். வலி கொடுத்துக்கொண்டே இருந்த கல் அப்படிப் போய்விடும் என்று நம்பி உட்கார முடியாது. பிரசவித்த முதல் வருடத்தில் பெண்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதற்குப் பித்தப்பை ஒரு முக்கியக் காரணம். நம் வீட்டுப் பத்தியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுப்பார்கள், நெய் ஊற்றுவார்கள், நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பார்கள். கல் இருக்கும் வயிற்றுக்கு இதைவிடச் சோதனை வேண்டாம். பச்சைப்பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் தாயின் முகத்தைப் பார்த்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகு ஆபரேஷன் சுலபம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதற்காக, ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, வலியே தராத கல்லுக்கு யாரும் கத்தி எடுப்பதில்லை. எட்டாம் மாதத்துக்கு மேல் முதல் தடவையாக லேசாக வலி வந்தவளைப் பிரசவம்வரை கொண்டுபோகலாமா என்று மருத்துவர் யோசிப்பதும் உண்டு. யோசிக்க வேண்டியவர் அவர்தான்.

மயக்க மருந்து பிள்ளையைப் பாதிக்கும் என்பது அடுத்த பயம். இது தாய்க்கு வருகிற நியாயமான பயம், அதனால் அதட்டாமல் பதில் சொல்வேன். இன்று வழக்கமான அளவில் கொடுக்கப்படும் எந்த மயக்க மருந்தும் மனிதச் சிசுவுக்கு ஊனம் உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும் மயக்கவியல் நிபுணர் சங்கமும் சேர்ந்து 2019-ல் இதைச் சொன்னதோடு, அவசியமான அறுவையை எந்த மாதத்திலும் கர்ப்பிணிக்கு மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் எழுதின. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கம் பற்றி 2016-ல் வந்த எச்சரிக்கையைச் சிலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கப் பொதுவாக அதில் பாதி நேரம்கூட ஆகாது. எரிக் மூஹே ஜெர்மனியில் இந்த முறையை முதன்முதலில் செய்தது 1985-ல். கர்ப்பிணிகளுக்குச் செய்தது பற்றிய முதல் கட்டுரைகள் 1991-லேயே வந்துவிட்டன. ஆரம்பத்தில் தயங்கிய அறுவை நிபுணர்கள் மனம் மாறிப் பல வருடம் ஆகிறது. மேடைக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

தியேட்டரில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பயம் பாதி குறையும். வயிறு பெருத்த பெண்ணை மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதனால் இடது பக்கம் சற்றுச் சாய்த்து, வலது இடுப்புக்கடியில் அணை கொடுப்போம். கருப்பை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான், அதற்கு மேலே துளை போடும் இடத்தை முடிவு செய்வார்கள். உள்ளே செலுத்தும் வாயுவின் அழுத்தத்தை 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் வைப்பார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பை முன்னும் பின்னும் கேட்பார்கள். கருவிகள் கருப்பையைத் தொடுவதேயில்லை.

“தையல் பிரியும், சுகப்பிரசவம் ஆகாது” என்கிறார்கள். துளைகள் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரைக்குள். வயிறு வளர வளரத் தொப்புள் பக்கத்துத் தழும்பு இழுக்கும், அரிக்கும், அவ்வளவுதான். சில வாரங்கள் போன பிறகு வலி கண்டால் முக்கிப் பெறுவதற்கு அந்தத் தழும்பு தடையில்லை. பித்தப்பை போனதற்காக மட்டும் சிசேரியன் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

தேறி எழுவதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் மறுநாள் காலையில் என்னிடம், “வயித்துல பண்ணீங்களா, தோள்பட்டையில பண்ணீங்களா சிஸ்டர்?” என்று மிரண்டுபோய்க் கேட்டார். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். நடப்பது இன்னொன்றுக்கும் முக்கியம். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுதல், படுத்தே கிடந்தால் காலில் கட்டி அடைக்கும். அதனால் அன்று சாயங்காலமே கட்டிலை விட்டு இறக்கிவிடுவோம். எழும்போது நேராக எழக் கூடாது, பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழ வேண்டும். இருமினால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால். இரும்புச்சத்து மாத்திரையால் ஏற்கெனவே மலம் இறுகியிருக்கும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இட்லி, ரசஞ்சோறு என்று தொடங்கி, நெய்யும் பொரித்ததும் சில வாரம் கழித்து. சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளக்கமாகப் போகும். வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பித்தப்பை இல்லாவிட்டால் ஜீரணம் ஆகாது என்பதற்கு ஒரு வரி போதும்: பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்க மட்டும்தான். பித்தப்பையை எடுப்பதால் தாய்ப்பால் சுரப்பதும் நின்றுவிடாது.

டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தாய் சேய் நல அட்டையோடு ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு வேறு ஊருக்கு, அம்மா வீட்டுக்குப் போகிற பெண்கள்தான் நம்மில் அதிகம். அங்கே பிரசவ அறையில் இருப்பவர்கள் அந்தத் தழும்பு எதற்கென்று முதலில் கேட்பார்கள்.