தலைகீழாய் எழுதிய பெயர்

எங்கள் நண்பர் வட்டத்தில் ஓவியர்கள் சிலர் உண்டு. அவர்கள் வரையும்போது ஒலிப்பது பெரும்பாலும் ஒரே வகை இசைதான்: தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பு, சற்றே பிந்தி விழும் தாளம், திரும்பத் திரும்ப வரும் பியானோ. 'லோ-ஃபை ஹிப்ஹாப்' என்பார்கள். யூடியூபில் ஓயாது ஒலிக்கும் இவ்விசைத் தொகுப்புகளுள் மிகப் புகழ்பெற்றது, ஜன்னலோரம் அமர்ந்து எழுதும் ஒரு பெண்ணின் சித்திரத்தைத் தாங்கி வருவது. கொலம்பிய ஓவியர் ஹுவான் பாப்லோ மச்சாடோ வரைந்த அச்சித்திரத்தை உலகமே அறியும். ஆனால் அவ்வொலிக்குத் தடம் போட்டவரை அறிந்தோர் குறைவு.

எங்களிடம் அவர் வந்து சேர்ந்ததும் சித்திரத்தின் வழியேதான். ஷினிசிரோ வதனாபே இயக்கிய 'சாமுராய் சாம்ப்லூ' (2004) என்ற ஜப்பானிய அனிமே தொடரை, அதன் கோடுகளைப் பயில்வதற்காக நண்பரொருவர் பார்த்தார். எங்களையும் பார்க்க வைத்தார். எடோ காலத்து வாள்வீரர்களுக்கு ஹிப்ஹாப் பின்னணி! அதன் இசையமைப்பாளர்களுள் ஒருவர் நுஜாபெஸ். இயற்பெயர் செபா ஜுன். அதை ரோமன் எழுத்தில் தலைகீழாக்கினால் கிடைப்பதே நுஜாபெஸ். டோக்கியோவின் ஷிபுயாவில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர். 'மெட்டாஃபாரிக்கல் மியூசிக்' (2003), 'மோடல் சோல்' (2005) ஆகிய தொகுப்புகளைத் தந்தவர். 2010 பிப்ரவரியில் சாலை விபத்தொன்றில், 36 வயதில் மறைந்தார்.

அவர் பிறந்த அதே 1974 பிப்ரவரி 7 அன்றுதான் டெட்ராய்ட்டில் ஜே டில்லாவும் பிறந்தார். லோ-ஃபையின் இன்னொரு மூலவர் அவர். 2006இல் மறைந்த டில்லாவின் தாளமுறையை ஆராய்ந்து டான் சார்னஸ் 2022இல் ஒரு பெருநூலே எழுதினார். அவருடைய கருவி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நுஜாபெஸுக்கோ அன்பான ரசிகர்கள் உண்டு. அந்த அளவுக்கு ஏற்பு கிட்டவில்லை.

'இரவல் இசைக்கு எதற்கு உரிமைப் பெயர்?' என்று கேட்கப்படலாம். அத்தொடருக்காக அவர் அமைத்த 'அருவேரியன் டான்ஸ்' என்ற மெட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் கிட்டார், பிரேசிலின் லாரிந்தோ அல்மெய்தா வாசித்த 'தி லேம்ப் இஸ் லோ'விலிருந்து பெறப்பட்டது. 1939இல் வெளிவந்த அப்பாடலோ, பிரெஞ்சு இசைமேதை ரவேல் 1899இல் பியானோவுக்கு எழுதிய ஒரு பவானிலிருந்து கிளைத்தது. ஒரு நூற்றாண்டில் நான்கு கைகள் மாறியும் ஒவ்வொரு கையும் தன் ரேகையைப் பதித்திருக்கிறது. முன்னோரின் மெட்டை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்தாண்ட விதத்தில்தான் கலைஞன் இருக்கிறான். ரவேலின் மந்தமான துயரத்தின் அடியில் நடைபோடும் ஒரு தாளத்தை வைத்தது நுஜாபெஸின் கை.

எங்கள் கவலை அடுத்த கண்ணியைப் பற்றியது. இன்று அவ்வொலி படிப்பதற்கும் உறங்குவதற்குமான பின்புலமாகிவிட்டது. கவனிக்கப்படாமலிருப்பதே அதன் தகுதி என்றாகிவிட்ட பிறகு, இயற்றியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் மரபு அறுந்து, வெறும் சரக்கு மிஞ்சுகிறது. நுஜாபெஸ் விளம்பரத்தை விரும்பாதவர், அவரைப் பெயர் சொல்லிக் கொண்டாடுவது தகுமா என்றும் சிலர் ஐயுறலாம். முகத்தை மறைத்துக்கொண்டவர்தான்; எனினும் ஒவ்வொரு தட்டிலும் பெயரைப் பொறித்தே வெளியிட்டார். எழுத்துகள் தலைகீழாய் நின்றாலும் அது கையொப்பமே. வாசிக்கும் பொறுப்பு கேட்பவர்களாகிய நம்முடையது.