காய்ச்சலுக்கு முன்னே நம் ஆயத்தம்

1918 ஜூன் மாதத்தில் பம்பாய் துறைமுகம் வழியாக ஒரு காய்ச்சல் இந்தியாவிற்குள் நுழைந்தது. முதல் அலை ஓரளவு மிதமாகவே கடந்துபோனது. செப்டம்பரில் திரும்பி வந்தபோதோ, இரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவி, ஒரு கோடிக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. இறந்தவர்களுள் 20 முதல் 40 வயதினர் ஏராளம்.

ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ கிருமி நம் உடலுக்கு ஓரளவு பழகியது. கொள்ளைநோயாக வருவதோ புதியது. அதனை எதிர்க்கும் ஆற்றல் பெரும்பாலோரிடம் இருக்காது. 2009இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது இப்படித்தான்.

"காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருங்கள்" என்பது நல்ல அறிவுரை. ஆனால் காத்திவாக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. எனவே மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். கிருமியும் அவரோடு பேருந்து ஏறுகிறது. நெருக்கமான வீடுகளில் தனித்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை 2020இல் கொரோனா காலத்தில் வடசென்னை மக்கள் அனுபவித்தே அறிந்தோம்.

ஆகவே ஆயத்தம் என்பது முகக்கவசமும் கைகழுவுதலும் மட்டுமல்ல. நம் அன்பியத்தில் தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோயுள்ளோர் யார் யார் என்று இப்போதே அறிந்து வைப்போம். ஃப்ளூ தடுப்பூசி பற்றி அவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும். மூச்சுத்திணறல் வந்தால் தாமதம் வேண்டாம். ஃப்ளூவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்திற்குள் தந்தால்தான் நன்கு பலனளிக்கும்.

நோயுற்ற கூலித் தொழிலாளி ஐந்தாறு நாள்கள் வீட்டில் இருக்க வேண்டுமானால், அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார்? இதனை இன்றே பேசி முடிவு செய்வோம்.