கூலன்ட் தொட்டியில் பிழைத்த உயிர்

இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்து, துளையிட்டு, இழைக்கும் எந்திரம் எங்கே இருந்தாலும் அதன் காலடியில் பெரும்பாலும் ஒரு கூலன்ட் (குளிர்விக்கும் திரவத்) தொட்டி இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் வரை கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் கூடங்களில் இது அன்றாடப் பொருள். நூறு லிட்டர் தண்ணீரில் ஐந்து முதல் பத்து லிட்டர் வரை எண்ணெய்ச் செறிவைக் கலந்தால் பால்போல வெளுத்த திரவம் கிடைக்கும். துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருளும் கிருமிகொல்லியும் அதிலேயே சேர்ந்து வருகின்றன. பிஎச் அளவு 9-ஐ ஒட்டி நிற்கும். எதுவும் அதில் வாழக் கூடாது என்று திட்டமிட்டே அதைத் தயாரிக்கிறார்கள்.

ஆனாலும் அதில் உயிர் வாழ்கிறது. பராமரிப்பு தவறிய தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியாவும் அதற்கு மேலும் இருக்கும் என்பது இந்தத் தொழில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சூடோமோனாஸ் வகை பாக்டீரியா எண்ணெயையும், எண்ணெயைத் தண்ணீரோடு பிணைத்துவைக்கும் பொருளையும் தின்று பெருகுகிறது. எந்திரத்திலிருந்து கசியும் மசகு எண்ணெய் மேலே படலமாக மிதந்து காற்றை அடைத்துவிட்டால், ஆக்சிஜன் தேவைப்படாத வேறு பாக்டீரியா அடியில் வேலையைத் தொடங்கும். சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமை எந்திரம் நின்றிருந்தால், திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு வருகிறவரை அழுகிய முட்டை நாற்றம் வரவேற்கும். ‘திங்கட்கிழமை நாற்றம்’ என்றே இந்தத் தொழிலில் அதற்குப் பெயர்.

நாற்றம் வந்தால் இன்னும் கொஞ்சம் கிருமிகொல்லி ஊற்றுவது வழக்கம். மருந்துக்குச் சாகிறவை சாகின்றன. தடித்த, மெழுகுத்தன்மையுள்ள உறை கொண்ட மைக்கோபாக்டீரியம் போன்றவை தப்பித்து, போட்டியில்லாத தொட்டியில் பெருகுகின்றன. அப்படித் தப்பிய ஓர் இனத்துக்கு 2001-ல் ‘மைக்கோபாக்டீரியம் இம்யூனோஜெனம்’ என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க எந்திரக் கூடங்களில் 1990-களில் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் ஒவ்வாமை அழற்சியோடு தொடர்புபடுத்தப்பட்ட இனம் அது. பிரிட்டனில் பர்மிங்காம் நகரின் லாங்பிரிட்ஜ் கார் எஞ்சின் ஆலையில் 2003, 2004 வாக்கில் 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஆஸ்துமாவாலும் நுரையீரல் அழற்சியாலும் பாதிக்கப்பட்டனர். எந்திரம் சுழலும்போது காற்றில் பறந்த கூலன்ட் திவலைதான் விசாரணையின் மையத்தில் இருந்தது.

இங்கே இப்படி ஒருவருக்கு வந்தால் நமக்குத் தெரியுமா? இருமல், இளைப்பு, மாலையில் காய்ச்சல், விடுமுறையில் ஊருக்குப் போனால் குணம் என்று வருகிற இருபது வயதுப் பையனுக்கு நம் மருத்துவமனைகளில் முதலில் காசநோய்ப் பரிசோதனை நடக்கும். அது சரியானதே. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, ‘நீ எந்த எந்திரத்தில் வேலை பார்க்கிறாய்?’ என்ற அடுத்த கேள்வி வர வேண்டும். பயிற்சித் தொழிலாளராகவும் ஒப்பந்தத் தொழிலாளராகவும் வருகிறவர்கள் உடம்பு முடியாமல் நின்றுவிட்டால் எந்தப் பதிவேட்டிலும் நோயாளியாக ஏறுவதில்லை. வேலையை விட்டவர்கள் கணக்கில் போய்விடுகிறார்கள். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, காற்றில் கலக்கும் கனிம எண்ணெய்த் திவலைக்கு ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. அந்த அளவுகோல் எண்ணெயை மட்டும் நிறுக்கும். எண்ணெயோடு பறக்கும் உயிரை அது பார்ப்பதில்லை.

ஆனால், நச்சில் செழிக்கும் நுண்ணுயிர் பற்றிய செய்தி நமக்கு எப்போதும் நற்செய்தியாகவே வருகிறது. ஜப்பானின் சகாய் நகரில் பிளாஸ்டிக் பாட்டில் மறுசுழற்சி ஆலைக்கு அருகே கிடைத்த ‘ஐடியோனெல்லா சகாயென்சிஸ்’ பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்று 2016-ல் அறிவிக்கப்பட்டபோது, குப்பைப் பிரச்சினையே தீர்ந்துவிட்டதுபோல எழுதினார்கள். மெல்லிய ஏடு ஒன்றைத் தின்று முடிக்க அதற்கு 30 டிகிரி வெப்பத்தில் ஆறு வாரம் பிடித்தது என்பது அந்த உற்சாகத்தில் அடிபட்டுப்போனது. கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய வங்காள விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்குச் சாதகமாக 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்ற வரலாற்றுத் தீர்ப்பு அது. ஆனால், அந்த பாக்டீரியா கடலில் கொட்டிய எண்ணெயின்மேல் இறக்கிவிடப்படவே இல்லை. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் தூவி அங்கேயே இருந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி கொடுத்தார்கள். பலன் தந்தது உள்ளூர் உயிர்தான்.

ஓர் இடத்தின் நச்சில் ஓர் உயிர் செழித்திருக்கிறது என்றால், அந்த நச்சு அங்கே போதிய காலம் தங்கியிருக்கிறது என்று பொருள். நுண்ணுயிரின் பிழைப்பை இயற்கை நமக்குக் கொடுத்த மன்னிப்பாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாம் கொட்டியதன் பதிவு அது. சுத்தம் செய்ய உதவும் திறமையும் நமக்கே ஆபத்தாக முடியும் திறமையும் அந்த உயிரிடம் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

முதல் திறமைக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுவிட்டுப் போனது. உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அந்தக் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையும், மஞ்சளாகக் கிணற்றில் இறங்கும், புற்றுநோயை உண்டாக்கும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமோ அவ்வளவாகக் கரையாது. நச்சும் மிகக் குறைவு.

சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஜெயசிங்கும் லிகி பிலிப்பும் அந்த ஆலை வளாகத்து மண்ணிலிருந்தே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். 2005-ல் வெளியான அவர்களது ஆய்வில், ஒரு கிராம் மண்ணில் இருந்த 5.6 மில்லிகிராம் ஆறு இணைதிற குரோமியம் முழுவதும் 20 நாளில் நச்சுக் குறைந்த வடிவத்துக்கு மாறியது. பாக்டீரியாவுக்குக் கொடுத்த தீனி மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு. விஷக் குவியலுக்குள்ளேயே மருந்தும் இருந்தது. பக்கத்துச் சர்க்கரை ஆலையில் அதற்குச் சாப்பாடும் இருந்தது. இதைவிட உள்ளூர்த்தனமான அறிவியல் நமக்கு எப்போது கிடைத்தது? அந்த ஆய்வு வெளிவந்து பத்தாண்டு கழிந்த பிறகும் குவியல் அங்கேயேதான் கிடந்தது. ஆய்வகத்துக்கும் ஆலை வளாகத்துக்கும் நடுவே நிற்பது பணமும் பொறுப்பும். நுண்ணுயிரால் அதைத் தாண்ட முடியாது.

இதில் மயக்கம் வேண்டாத இடம் ஒன்று உண்டு. எண்ணெய், கரைப்பான், பூச்சிக்கொல்லி போன்றவற்றை நுண்ணுயிர் உண்மையிலேயே சிதைத்து, கரியமில வாயுவும் தண்ணீருமாக்க முடியும். உலோகத்தை யாராலும் தின்று தீர்க்க முடியாது. குரோமியம் குரோமியமாகவே இருக்கும், வடிவம் மட்டும் மாறும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் பழைய நச்சு வடிவத்துக்கே திரும்பும் வாய்ப்பும் உண்டு. ‘பாக்டீரியா கனஉலோகத்தைத் தின்றுவிடும்’ என்று யாராவது விற்க வந்தால் ஆலை நிர்வாகமும் அரசும் வாங்கக் கூடாது.

இரண்டாவது திறமை கவலைக்குரியது. பெல்ஜியத்தின் துத்தநாக ஆலைத் தொட்டி ஒன்றில் 1976-ல் கண்டெடுக்கப்பட்ட ‘குப்ரியாவிடஸ் மெட்டலிடியூரன்ஸ்’ பாக்டீரியா, உள்ளே நுழையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் கோபால்ட்டையும் செல்லுக்கு வெளியே இறைத்துத் தள்ளுகிறது. அதற்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் எனப்படும் தனி டிஎன்ஏ வளையங்களில் இருக்கின்றன. இப்படிப்பட்ட வளையங்களை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், கைமாற்ற முடியும். உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே வளையத்தில் இருப்பது அபூர்வம் அல்ல. ஆக, ஆன்டிபயாடிக் துளியும் இல்லாத தண்ணீரிலும், உலோகம் மட்டும் இருந்தாலே மருந்துக்கு அடங்காத கிருமி வளர வழி இருக்கிறது.

மருந்தே நேரடியாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஹைதராபாத் அருகே படான்சேரு காட்டியது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதாக ஸ்வீடனின் ஜோக்கிம் லார்சன் குழு 2007-ல் தெரிவித்தது. ஆலைக் கழிவில் இருக்கத்தக்க ஆன்டிபயாடிக் அளவுக்கு எல்லை வைக்கும் வரைவை 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த எல்லை இல்லை.

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில்தடத்தில் மருந்து ஆலைகளைவிட வாகன, மின்னணு ஆலைகளே அதிகம். எனவே இது நமக்கில்லை என்று தோன்றலாம். ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை (ஈடிபி) கவனித்தவர்களுக்கு வேறு விதமாகத் தோன்றும். பெயின்ட், பாஸ்பேட், முலாம் பூசும் பிரிவுகளின் கழிவுநீரை வேதிமுறையில் முதலில் தெளியவைத்த பிறகு, நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே பாக்டீரியாவுக்குப் போதிய சத்து வேண்டும் என்பதால், கேன்டீன், கழிப்பறைக் கழிவுநீரையும் அதோடு சேர்ப்பது பல ஆலைகளில் உண்டு. புதிதாகத் தொடங்கும்போது மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றுவதும் உண்டு. நல்ல, பழகிய முறைதான். ஆனால், மனிதக் குடலிலிருந்து வரும் கிருமியும் மிச்சமிருக்கும் உலோகமும் ஒரே தொட்டியில் சந்திப்பது இங்கேதான். சுத்திகரித்த நீர் பிறகு வளாகத்துச் செடிகொடிகளுக்குப் பாய்கிறது. மழையில் அங்கிருந்து வழிவது சேரக்கூடிய ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் போய்ச் சேருவது செம்பரம்பாக்கத்துக்கு. சென்னை குடிக்கிற தண்ணீர் அது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிஎச், கரைந்த திடப்பொருள் (டிடிஎஸ்), ஆக்சிஜன் தேவை (பிஓடி, சிஓடி), உலோகங்கள் என்று அளக்கிறது. இவற்றோடு, இந்தத் தடத்தின் ஈடிபி கசடிலும் ஏரி வண்டலிலும் மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். உலோகக் கழிவுநீரை முழுதாகத் தெளியவைத்து, அளந்து காட்டிய பிறகே கேன்டீன் கழிவுநீரோடு சேர்க்க அனுமதிக்க வேண்டும். கூலன்ட் தொட்டியின் பாக்டீரியா எண்ணிக்கையை அந்த எந்திரத்தில் நிற்பவர் படிக்கும்படி பலகையில் எழுத வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நனைத்து எடுத்து ஓரிரு நாள் வைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை கடையிலேயே கிடைக்கிறது.

கசடு லாரியில் ஏறிக் கும்மிடிப்பூண்டி நிலநிரப்பிடத்துக்குப் போவதற்கு முன், அதில் பிழைத்திருக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துச் சண்டிகரிலும் புனேயிலும் உள்ள தேசிய நுண்ணுயிர்த் தொகுப்பகங்களில் சேர்த்துவைப்பதற்கு அண்ணா பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் தொழிற்பேட்டைகளை நடத்தும் சிப்காட்டோடு கைகோக்கலாம். இந்த மண்ணின் நச்சைச் சிதைக்கத் தெரிந்த உயிர் நாளை எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் காப்புரிமையாகவும் திரும்பி வராமல் இருக்க அது ஒரு வழி. கூடவே, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவைக் களத்தில் இறக்க வேண்டும். குரோமியத்தை அடக்கத் தெரிந்த பாக்டீரியாவை ராணிப்பேட்டை மண்ணே தந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வளாகத்தின் ஒரு ஏக்கரிலாவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் வேலூர் தோல் ஆலைகள் மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அடிப்படையில், தமிழக அரசு அந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்கட்டும்.