கூண்டு போட்ட பாரவண்டி

திருவையாற்றில் என் தங்கை வீட்டில் இரண்டு மாதங்களாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஏழு பேர் கொண்ட குடும்பம். புது வண்டி வாங்க வசதியில்லை. பழைய வண்டி தேடினார்கள். தேடலின் முடிவில் இரண்டு எஞ்சின. ஒன்று நிஸ்ஸான் எவாலியா, மற்றது அசோக் லேலண்ட் ஸ்டைல். பின்னது விலை குறைவு. ஆனால் மைத்துனர் மறுத்துவிட்டார். "லாரிக்காரன் வண்டியை வாங்கி வாசல்ல நிறுத்துனா ஊர்ல என்ன சொல்லுவான் மச்சான்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு எழுந்த சினமே இக்கட்டுரை.

முதலில் உண்மையைப் பார்ப்போம். நிஸ்ஸான் நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஜப்பானில் என்வி200 என்றொரு சரக்கு வேனை வெளியிட்டது. அதற்குச் சன்னலும் இருக்கையும் வைத்த குடும்ப வடிவமே எவாலியா. 2012 செப்டம்பரில் 8.49 லட்சம் முதல் 9.99 லட்சம் வரையிலான விலையில் இந்தியாவில் அது அறிமுகமாயிற்று. 2013 ஜூலையில் அதே வண்டி முன்முகமும் பெயர்ப்பலகையும் மாறி, 7.49 லட்சம் முதல் ஸ்டைல் என்ற பெயரில் வந்தது. இரண்டும் பிறந்தது சென்னையை அடுத்த ஒரகடத்தில், ஒரே ஆலையில். ஒரே 1461 சிசி டீசல் எஞ்சின். எவாலியாவில் ஏறத்தாழ 85 குதிரைத்திறன், ஸ்டைலில் 75. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவனை ஜப்பான்காரன் என்றும் மற்றவனை லாரிக்காரன் என்றும் பிரித்துப் பார்க்கும் அறிவை என்னவென்பது?

பத்துக் குதிரை குறைவு என்பார்கள். குறைவுதான். கொடைக்கானலுக்கு மாதந்தோறும் போகிறவர் எவாலியாவையே வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. தஞ்சை மாவட்டத்தில் மலை எங்கே இருக்கிறது? கல்லணையிலிருந்து கடல் வரை தட்டில் ஊற்றிய நீர்போலக் கிடக்கும் பூமி இது. இங்கே ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலத்து ஏற்றம்தான். அதற்கு 75 தாராளம்.

இனி அந்த "லாரிக்காரன்" பழிக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகவும், மன்னார்குடி போகவும் நாம் ஏறும் அரசுப் பேருந்துகளில் எத்தனை லேலண்டு வண்டிகள்? சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த நாளிலிருந்து அந்த எஞ்சின் சத்தத்தில்தான் நாம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனோம். ஐம்பது பேரோடு உயிரை ஒப்படைக்கலாம். ஏழு பேரோடு உட்கார்ந்தால் மட்டும் கௌரவம் போய்விடுமாம்!

இந்தப் போலிக் கௌரவம் புதிதன்று. மாட்டுவண்டிக் காலத்திலேயே இருந்ததுதான். மிராசுதார் வீட்டில் வில்வண்டி நிற்கும். சாதாரணக் குடியானவன் வீட்டில் பாரவண்டி நிற்கும். களத்திலிருந்து நெல்மூட்டை ஏற்றிவந்த அதே பாரவண்டியில், திருவிழாவென்றால் மூங்கில் கூண்டைப் போட்டு, வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துப் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அதில் போனவர்கள் யாரும் குறைந்துபோய்விடவில்லை. எவாலியாவும் ஸ்டைலும் கூண்டு போட்ட பாரவண்டிகளே. அதை இகழ்ச்சியாக நினைக்கிறவர் தம் பாட்டன் வண்டியை இகழ்கிறார்.

சரக்கு வேனிலிருந்து பிறந்ததே இவ்வண்டிகளின் சிறப்பு என்பது என் துணிபு. சாமான் ஏற்ற இறக்கத் தரை தாழ்வாக இருக்க வேண்டும். தரை தாழ்ந்தால் முட்டி வலிக்காரரும் ஏறுவார். பெட்டி நுழைய வாசல் அகலமாக வேண்டும். அகன்றால் பாட்டி குனியாமல் நுழைவார். குறுகிய சந்தில் திறக்கக் கதவு வெளியே விரியாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். தஞ்சை மேலவீதியில் ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் ஆட்டோ என்று நெருக்கும்போதும், ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் பேருந்தும் வரும் கிராமச் சாலையிலும் இந்த நகரும் கதவின் அருமை தெரியும். நியூயார்க் நகரம் 2011இல் தன் வருங்கால டாக்சியாகத் தேர்ந்தெடுத்தது இந்த என்வி200ஐத்தான். நம்மூர்க்காரர்களுக்கு அது "ஸ்கூல் வேன் மாதிரி" இருந்தது. வாங்க ஆளில்லை. ஸ்டைல் 2015இல் உற்பத்தி நின்றது. எவாலியாவும் அதே காலத்தில் மறைந்தது.

குறைகளை மறைக்க மாட்டேன். முதல் எவாலியாக்களில் நடுவரிசைக் கண்ணாடி திறக்காது. நம் சித்திரை வெயிலுக்கு அது பெருங்குற்றம். பிறகே திருத்தினார்கள். வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் பாகங்களுக்குக் கவலை வேண்டாம். டஸ்டரிலும் சன்னியிலும் ஓடிய எஞ்சின் குடும்பம்தான். கதவு, கண்ணாடி போன்றவற்றைத் தேடித்தான் வாங்க வேண்டும். 2013இல் பதிவான வண்டிக்கு 2028இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும். இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. ஆகவே விலை குறைந்ததை வாங்கி, மிஞ்சிய பணத்தில் நல்ல டயர் போடுவதே அறிவுடைமை.

தங்கையின் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. ஒருமுறையேனும் நவக்கிரகத் தலங்களைச் சுற்றிவர ஆசை. திங்களூர் கூப்பிடு தூரத்தில். திருநள்ளாறு வரை போய்வர ஒரு நாள். ஒன்பது இடத்தில் இறங்கி ஒன்பது இடத்தில் ஏற வேண்டும். சென்ற ஆண்டு குலதெய்வக் கோயிலுக்கு வாடகைக்கு எடுத்த உயரமான வண்டியில் ஏற முடியாமல், "நீங்க போயிட்டு வாங்க" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டவர் அவர்.

சென்ற வாரம் இரண்டு வண்டிகளும் வாசலுக்கு வந்தன. அந்த அம்மாள் இரண்டிலும் தானே ஏறினார், தானே இறங்கினார். எது எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. மைத்துனர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் போல யோசிப்பவர்கள் என்னை மறுக்கட்டும். அதற்குமுன் தம் வீட்டுப் பாட்டியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.