வேடியப்பனுக்கு வர்ணம் பூசலாமா?

ஜவ்வாது மலை என்றதும் சந்தன மரம் நினைவுக்கு வரும். தேனும் சாமையும் நினைவுக்கு வரும். அந்த மலையில் சரித்திரமும் இருக்கிறது!

திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைமேல் இருக்கிறது புதூர்நாடு. அங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணவேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான்.

இந்த வட்டாரத்தில் பழைய நடுகற்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. சண்டையில் இறந்த வீரனுக்கு ஊரார் நட்ட கல்லே நடுகல். வீரனின் உருவத்தைச் செதுக்கி, சிலவற்றில் பெயரையும் பொறித்தார்கள்.

நாய்க்கும் ஒரு கல்!

ஜவ்வாது மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊர். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான் கருந்தேவகத்தி என்ற வீரன். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்! அதையும் கல்லில் எழுதி வைத்தார்கள்.

அரசன் கட்டிய கோவிலில் அரசனின் புகழ் இருக்கும். மாடு மேய்த்தவனின் பெயரும், அவன் நாயின் பெயரும் எங்கே இருக்கும்? நடுகல்லில்தான் இருக்கும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழக அரசின் தொல்லியல் துறை திரட்டி 1972-இல் நூலாகவே வெளியிட்டது.

காத்தது யார்?

இத்தனை நூற்றாண்டுகள் இந்தக் கற்களைக் காப்பாற்றியது எது? மக்களின் பக்திதான். செங்கம், தருமபுரிப் பக்கங்களில் இவற்றை "வேடியப்பன்" என்று கும்பிடுகிறார்கள். சாமி என்று நினைத்ததால்தான் யாரும் உடைக்கவில்லை.

ஆகவே, கல்லைப் பெயர்த்துக் காட்சிசாலைக்குக் கொண்டுபோவது எப்போதும் சரியல்ல. சாலை வேலையிலோ, வீடு கட்டும் இடத்திலோ சிக்கிய கல்லை எடுத்துப் போகலாம். பூசை நடக்கும் கல்லை எடுத்தால் ஊருக்குச் சாமி போய்விடும். கல்லுக்கு ஊர் போய்விடும்.

ஆனால் பக்தியே சில சமயம் கெடுதலும் செய்கிறது. கல்லின் மேல் வர்ணம் பூசுகிறார்கள். சிமெண்டு வைத்துப் பூசுகிறார்கள். எழுத்துகள் ஆழமில்லாதவை. பள்ளம் தூர்ந்தால் எழுத்து மறைந்துவிடும். கல்லின் மேல் ஈரத் தாளை ஒற்றி, மை தட்டித்தான் எழுத்தைப் படி எடுக்கவேண்டும். சிமெண்டு பூசிய கல்லில் எதைப் படி எடுப்பது?

செய்ய வேண்டியது

பூ வைக்கலாம். விளக்கு ஏற்றலாம். எழுத்துள்ள இடத்தை மட்டும் விட்டுவிடவேண்டும். புதிதாகக் கல் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லவேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்க 1966-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தால் போதுமா? எந்த ஊரில் எந்தக் கல் என்ற கணக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கவேண்டும். ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும், அதில் உள்ள செய்தியை எளிய தமிழில் எழுதி ஒரு பலகை வைக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் அதைப் படித்துப் பாட்டிக்குச் சொல்லும்.

பெரிய செலவில்லை. அதிகாரிகள் மலையேறிப் போய் இதைச் செய்வார்களா?