பெற்றவளுக்கும் முதுகு வலிக்கும்

"தாங்குற மனசுக்குத்தான் சாமி இப்படிப் பிள்ளையக் கொடுக்கும்." மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வளர்க்கும் தாயிடம் மதுரை காளவாசலில் அண்டை வீட்டாரும் சொல்கிறார்கள், விசேஷ வீட்டில் சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், ஒரு தாயை இதைவிடத் தனிமையில் தள்ளும் பேச்சு வேறில்லை. தாங்குவதற்கென்றே பிறந்தவள் என்று முடிவு கட்டிவிட்டால், யாரும் அவளுக்குக் கைகொடுக்க வேண்டியதில்லை. அப்பன்கூட ஒதுங்கிக்கொள்ளலாம்.

தாங்குவது என்றால் என்ன? மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுப் பையனைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், தெரபிக்காக டவுன் பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டும். அவனுக்கு எடை கூடுகிறது. அவளுக்கு வயது கூடுகிறது. ஆட்டிசப் பிள்ளை விழித்திருக்கும் இரவுகளில் அவளுக்கும் தூக்கமில்லை. முதுகு வலிக்கிறது, ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கலாம் என்றால், அதுவரை பிள்ளையை யாரிடம் விடுவாள்?

மனசு தாங்கினாலும் உடம்பு கணக்கு வைக்கிறது. நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் அமெரிக்கத் தாய்மாரின் ரத்த அணுக்களை எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். குரோமோசோம் முனையில் இருக்கும் டெலோமியர், வயது ஏற ஏறக் குறுகும். பிள்ளையைப் பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட, அந்தத் தாய்மாருக்கு அது மேலும் குறுகியிருந்தது. மன அழுத்தம் மிகுந்த பெண்களின் அணுக்கள், அழுத்தம் குறைந்தவர்களுடையதைவிடப் பத்தாண்டுக்குக் குறையாமல் மூத்திருந்தன. டெலோமியர் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்றவர் பிளாக்பர்ன். சாமி தேர்ந்தெடுத்த உடம்பு என்று தனியாக எதுவும் இல்லை.

"பாசம் இருந்தால் சலிப்பு வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரும். பாசம் இருப்பதால்தான் அதை வெளியே சொல்லக் கூசுகிறாள். நம் புகழ்ச்சி அந்த வாயை இன்னும் இறுக அடைக்கிறது.

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பேசுகிறது. மாற்றுத்திறனாளி மகனை வளர்க்கும் இமாச்சலக் கல்லூரி ஆசிரியையின் வழக்கில், குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுக்கும் கொள்கையை மறுபரிசீலனை செய்யுமாறு 2024இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசிடம் சொன்னது. அரசு வேலையில் இருப்பவருக்கே வழக்காட வேண்டியிருந்தது. வீட்டில் மல்லிகை கட்டிப் பிழைக்கும் மதுரைத் தாய் யாரிடம் விடுப்பு கேட்பாள்?

பிள்ளைக்குத் தெரபி நடக்கும் இடத்திலேயே தாய்க்கும் தகப்பனுக்கும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மனநலப் பரிசோதனை நடக்க வேண்டும். வார்டுக்கு ஒரு பகல்நேரக் காப்பகம் வேண்டும். இவை அரசின் கடமை.

நம் கடமை இன்னும் எளிது. அடுத்தமுறை அந்தத் தாயைப் பார்க்கும்போது சாமியை இழுக்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை பிள்ளைய நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் நில்லுங்கள்.