நடுங்கும் கைக்கு ஒரு கோலம்

'மனசு ஒரு நிலையில் இல்லை, எதிலும் ஈடுபாடு வரலை' என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். நாளைக்கு என்ன ஆகுமோ என்ற கவலை வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில்தான் கைக்கு ஒரு சின்ன வேலை வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் சாத்தாங்காட்டில் கவலைக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் இரும்பு மார்க்கெட் லாரிகள், இன்னொரு பக்கம் மணலி ஆலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துப்போச்சு. அந்தப் பிசுக்கு போவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அப்போது மார்கழி. விடிந்ததும் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காரி, "இப்போ கோலம் ஒண்ணுதான் குறைச்சலாக்கா?" என்றாள்.

"ராத்திரி பூரா தூக்கமில்லாம கை நடுங்குதும்மா. நாலு புள்ளி வெச்சா நிக்கும். நீயும் வா" என்றேன்.

அன்றைக்கு அவள் நின்று பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் ஓர் ஓரமாகத் தானே புள்ளி வைத்தாள்.

சிக்குக் கோலத்துக்குச் சட்டம் மூன்றுதான். கோடு புள்ளியைத் தொடக்கூடாது. ஒரு புள்ளியும் விட்டுப்போகக் கூடாது. கோடு கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரணும். இதைப் போடும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தைக் கணித இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். நம் பாட்டிமார் விரலில் வைத்திருந்த கணக்கு கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பாடமாயிற்று!

கோலம் போட்டால் வாயு நிற்குமா என்று கேட்கலாம். நிற்காது. ஆனால் தினம் பத்து நிமிஷம் வாசலில் குனிந்து கவனிக்கிறவளுக்கு, காற்றில் புது நெடி வந்தாலும் கால்வாய்த் தண்ணி நிறம் மாறினாலும் சட்டென்று தெரியும். தேதி, நேரம் போட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு. அம்மோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரால் 15 நிமிஷம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

மாடி வீட்டுக்காரர்கள், வாசல் இல்லையே என்று விடவேண்டாம். குழந்தையின் பழைய நோட்டு போதும். 5 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி வையுங்கள். முதல் நாள் தெரிந்த கோலத்தையே போடுங்கள். மறுநாள் அதில் ஒரே ஒரு வளைவை மாற்றிப் பாருங்கள்; கோடு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க உங்களுக்கே ஆவலாகிவிடும். குழந்தை கேட்டால் ஒரு மூலையை அதற்கு விட்டுக்கொடுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் அழிக்காதீர்கள்.